ஆடலில் உடலசைவு: பகுப்பாய்வுக் கோட்பாடுகள் பற்றிய ஒரு நோக்கு

கலைகளுள் ஆடலே ஆய்வாளருக்குப் பெரும் இடர்ப்பாடு தருவதாகும். இலக்கியம் ஏட்டிலே எஞ்சுகின்றது. சிற்பமும் ஓவியமும் கல்லிலும் சுவரிலும் எஞ்சுகின்றன. இசைக்குச் சுரக்குறிப்பு உண்டு. ஆடலோ ஆடுபவரின் உடலிலே தோன்றி, அக்கணத்திலேயே மறைந்து போகின்றது. இதனாற் போலும், ஆடல் பற்றி நம்மிடையே எழுந்த எழுத்துக்களுட் பல, பாட்டின் நயத்தையும் கதையின் மூலத்தையும் ஆடியோரின் பெருமையையும் விரித்துரைத்துவிட்டு, ஆடலின் அடிப்படையான உடலசைவைத் தொடாமலே நின்றுவிடுகின்றன.

உடலசைவை ஆராயப் புகுவோர் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டியவராவர். அசைவை எவ்வலகுகளாகப் பிரிப்பது? வடிவால் ஒத்த இரு அசைவுகளிடையே நாம் உணரும் தன்மை வேறுபாட்டை எவ்வாறு விவரிப்பது? அசைவின் பொருளை யாரிடமிருந்து அறிவது? இவ்வினாக்களுக்கு வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு சமூகத் தேவைகளின் உந்துதலால், வெவ்வேறு விடைகள் கூறப்பட்டுள்ளன. அவ்விடைகளுள் முக்கியமான சில எச்சூழலிற் பிறந்தன, எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை மறைக்கின்றன என ஆராய்வதும், ஈழத்துக் கூத்தின் ஆட்டத்தை விளங்கிக்கொள்வதற்கு அவை எவ்வளவு தூரம் உதவும் எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உறுப்புவழிப் பகுப்பு

உடலசைவைப் பகுத்துப் பெயரிட்ட பழைய நூல்களுள், பரதரின் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரம் மிக விரிவானது. ஆங்கிகம் எனப்படும் உடல்வழி அபிநயத்தை அது உறுப்பு உறுப்பாகப் பிரித்து நோக்குகின்றது. தலையசைவுகள் 13, நோக்குகள் 36, ஒற்றைக் கைகள் 24, இரட்டைக் கைகள் 13 என அது வகுத்துக் கூறும். கையும் காலும் இணைந்து பிறக்கும் கரணங்கள் 108 என்பது யாவரும் அறிந்ததே. தமிழ் மரபிலும் இத்தகைய பகுப்பு உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையிற் பேசப்படும் பிண்டியையும் பிணையலையும் முறையே 33 எனவும் 15 எனவும் அடியார்க்குநல்லார் உரை விரிக்கின்றது. எழிற்கை, தொழிற்கை, பொருட்கை என்னும் பாகுபாடும் அவ்வுரையிற் காணப்படுவதாகும். அழகுக்காகக் காட்டும் கையும், ஒரு தொழிலைச் சுட்டும் கையும், பாட்டின் பொருளை உணர்த்தும் கையும் ஒன்றல்ல என்னும் தெளிவு இதனுள் அடங்கியுள்ளது. அசைவை அதன் வடிவால் மட்டுமன்றிப் பயனாலும் பிரிக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு இஃது ஒரு பழைய சான்றாகும்.

இம்முறையின் வலிமை அதன் நுணுக்கத்திலுள்ளது. ஆயின், இவை ஆடுவோரைப் பயிற்றும் தேவையோடு இணைந்து வளர்ந்த விதி நூல்கள் என்பதை மறத்தலாகாது. எது செய்யத்தக்கது எனக் கூறுவது விதி நூலின் பணி. ஆடப்படும் எல்லா ஆடல்களையும் விவரிப்பது அதன் பணியன்று. மேலும், நாட்டிய சாத்திரம் நடை, காலசைவு, அரங்கின் பகுதிகள் என்பவற்றையும் விரிவாகப் பேசுகின்ற போதிலும், 20ஆம் நூற்றாண்டிலே பரதநாட்டியம் நகர மத்தியதர வர்க்கத்தின் அரங்குக்கு வந்தபோது, கையும் முகமுமே அபிநயத்தின் இருப்பிடங்களாக முதன்மை பெற்றன. இலங்கையிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, துக்கிரால கோபாலகிருஷ்ணையாவுடன் இணைந்து 1917இல் அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டமையும் இப்போக்குக்கு வலுவூட்டிற்று எனலாம். கையில் ஓர் அளவுகோல் இருப்பின், அதனால் அளக்கக்கூடியதே கலை என எண்ணும் போக்கு எளிதில் உருவாகிவிடும். அதன் விளைவை இக்கட்டுரையின் இறுதியிற் காண்போம்.

2. உழைக்கும் உடல்

ஐரோப்பாவில் உடலசைவு பற்றிய நவீன சிந்தனை ஆடலரங்கிலிருந்து மட்டும் தோன்றவில்லை, வேலைத்தளத்திலிருந்தும் தோன்றிற்று. ஜேர்மன் பொருளியலறிஞர் கார்ல் பூஹர் 1896இல் வெளியிட்ட ‘உழைப்பும் சந்தமும்’ என்னும் நூல், கூட்டு உழைப்பின் ஒழுங்கான அசைவிலிருந்து பாட்டும் சந்தமும் தோன்றின என்னும் கருத்தை முன்வைத்தது. பிளெகானோவ் இதனை மார்க்சிய கலைக்கோட்பாட்டினுட் கொணர்ந்தார். பின்னர் ஜோர்ஜ் தொம்சன் அதனைக் கிரேக்கக் கவிதை, நாடகம் ஆகியவற்றின் தோற்றத்தோடு பொருத்தி ஆராய்ந்தார். பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தவர்கள் ஆதலின், இச்சிந்தனை மரபு ஈழத்து வாசகர்க்குப் புதியதன்று.

அதே காலப்பகுதியில் முதலாளித்துவமும் உழைப்பின் அசைவைக் கூர்ந்து நோக்கத் தொடங்கிற்று. அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடெரிக் ரெய்லர், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நிறுத்தற் கடிகாரங் கொண்டு அளந்தார். அவருடைய ‘விஞ்ஞான முகாமைத்துவத்தின் தத்துவங்கள்’ 1911இல் வெளிவந்தது. பிராங்க் கில்பிரெத்தும் அவர் துணைவியார் லிலியனும் தொழிலாளியின் கையிற் சிறு மின்விளக்கைப் பொருத்தி, கை சென்ற வழியை ஒளிக்கோடாகப் புகைப்படத்திற் பதிந்தனர். வீணான அசைவை நீக்கி உற்பத்தியைப் பெருக்குதலே இவ்வாய்வுகளின் குறிக்கோள். பூஹர் உழைப்பின் சந்தத்திற் கலையின் பிறப்பைத் தேடினார். ரெய்லர் அதிலே இலாபத்தின் பெருக்கத்தைத் தேடினார். இருவரும் நோக்கியது உழைக்கும் உடலையே என்பது மனங்கொளத்தக்கது.

உடலசைவு இயற்கையாக அமைவது என்ற எண்ணத்தை அசைத்தவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்சல் மோஸ் ஆவார். ‘உடலின் நுட்பங்கள்’ பற்றி 1934இல் ஆற்றிய உரையில், நடத்தல், நீந்துதல், உறங்குதல் முதலியன யாவும் சமூகத்தாற் கற்பிக்கப்படுவன என அவர் விளக்கினார். முதலாம் உலகப் போரில் ஆங்கிலப் படையினர்க்குப் பிரெஞ்சு மண்வெட்டியைப் பிடித்து வெட்டத் தெரியாமையால், ஒரு படைப்பிரிவு மற்றொன்றின் இடத்துக்கு வந்தபோது 8,000 மண்வெட்டிகளை மாற்றவேண்டியிருந்தது என அவர் காட்டும் உதாரணம் எளிமையானது, ஆனால் ஆழமானது. மண்வெட்டும் கைக்கும் ஒரு பண்பாடு உண்டெனின், ஆடும் உடல் பற்றிக் கூறவேண்டியதில்லை.

3. லாபனின் முயற்சிக் கோட்பாடு

ஆடலசைவுக்கென முறையான எழுத்தையும் பகுப்பாய்வையும் ஒருங்கே உருவாக்கியவருள் முதன்மையானவர் ருடோல்ப் லாபன் (1879 - 1958). அக்காலத்து ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பிரஸ்புர்க் நகரிற் பிறந்த இவர், 1928இல் தமது அசைவெழுத்து முறையை வெளியிட்டார். கீழிருந்து மேலாக வாசிக்கப்படும் நெடுங்கோடுகளின் மேற் குறிகள் இடப்படும். குறியின் வடிவம் திசையையும், அதன் நிறத்தீட்டு உயர்வு தாழ்வையும், அதன் நீளம் அசைவு நீடிக்கும் காலத்தையும் காட்டும். உடலின் எப்பகுதி அசைகின்றது என்பதைக் குறி நிற்கும் இடம் சுட்டும். ஆடலுக்கு இத்தகைய ஏடு வாய்த்தமை பெரும்பேறாகும்.

எனினும் ஏட்டிற் பதியப்படுவது அசைவின் வடிவமே. இருவர் ஒரே வழியிற் கையை நீட்டலாம். ஒருவர் அறைவதற்கும் மற்றவர் வருடுவதற்கும் நீட்டியிருக்கலாம். இவ்வேறுபாட்டை விளக்கவே லாபன் ‘முயற்சி’ என்னும் கோட்பாட்டை வகுத்தார். ஒவ்வோர் அசைவும் நிறை, வெளி, காலம், ஓட்டம் என்னும் நான்கு கூறுகளை நோக்கி எடுக்கும் உள்நிலையே முயற்சியாகும். நிறை வலியதாகவோ மெலியதாகவோ அமையலாம். வெளி நேரானதாகவோ நெகிழ்ந்ததாகவோ அமையலாம். காலம் திடீரெனவோ நீடித்தோ அமையலாம். ஓட்டம் கட்டுண்டதாகவோ கட்டற்றதாகவோ அமையலாம். முதல் மூன்று கூறுகளின் சேர்க்கையால் எட்டு அடிப்படைச் செயல்கள் பிறக்கின்றன. வலிய, நேரான, திடீர் அசைவு குத்துதல். அதுவே நீடிப்பின் அழுத்துதல். நெகிழ்ந்து நீடிப்பின் முறுக்கிப் பிழிதல். வலியதாய் நெகிழ்ந்து திடீரென நிகழின் வீசியடித்தல். மெலிய அசைவு நேராகவும் திடீரெனவும் அமையின் ஒற்றுதல். நேராக நீடிப்பின் வழுக்கிச் செல்லுதல். நெகிழ்ந்து திடீரென அமையின் சுண்டுதல். நெகிழ்ந்து நீடிப்பின் மிதத்தல்.

இவ்வெட்டுப் பெயர்களையும் நோக்குவோர், அவற்றுட் பெரும்பாலானவை ஆடலரங்கின் சொற்களாக இராமல் அன்றாட வேலையின் சொற்களாக இருப்பதைக் காண்பர். இது தற்செயலன்று. 1929இல் வியன்னா நகரிற் பல்வேறு கைத்தொழிலாளர் பங்குகொண்ட பெரும் ஊர்வலத்தை நெறிப்படுத்தியபோது, லாபன் அவ்வத் தொழிலாளரின் வேலையசைவுகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றிலிருந்தே ஆடலை அமைக்க முயன்றார்.

ஆயின் இக்கோட்பாட்டின் வரலாறு இத்துடன் முடியவில்லை. பலர் ஒருமித்து அசையும் ‘அசைவுக் குழுக்கள்’ மனிதரைச் சமூகமாக இணைக்கும் என லாபன் நம்பினார். கூட்டு அசைவின் ஆற்றலை நாசிகளும் அறிந்திருந்தனர். 1934 முதல் 1936 வரை லாபன் கோயபெல்சின் பிரசார அமைச்சின் கீழ் ஜேர்மன் ஆடற்றுறையில் உயர்பதவி வகித்தார். 1936 பேர்லின் ஒலிம்பிக் விழாவையொட்டி ஏறத்தாழ 1,000 பேர் பங்குகொள்ளும் ஆடலை அமைத்தார். ஒத்திகையைக் கண்ட கோயபெல்ஸ் அதனைத் தடை செய்தார். லாபன் பதவியிழந்து, 1938இல் இங்கிலாந்தை அடைந்தார். அவருடைய மாணவரான குர்ட் யோஸ், போரை எள்ளிநகையாடும் ‘பச்சை மேசை’ என்னும் ஆடலை 1932இல் அரங்கேற்றியவர். தம் குழுவிலிருந்த யூதக் கலைஞரை விலக்க மறுத்து 1933இலேயே நாட்டை விட்டு வெளியேறினார். ஒரே அசைவுக் கல்வியைப் பெற்ற இருவர் வெவ்வேறு அரசியல் வழிகளிற் சென்றமையை நோக்கும்போது, அசைவு பற்றிய அறிவு தன்னளவிலே விடுதலையையோ அடிமைத்தனத்தையோ உறுதிப்படுத்துவதில்லை என்பது தெளிவாகும்.

இங்கிலாந்தில் இக்கோட்பாடு தொழிற்சாலையினுட் புகுந்தது. கைத்தொழில் ஆலோசகர் எவ். சி. லோறன்ஸ் என்பவருடன் இணைந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆண்கள் செய்துவந்த பாரமான வேலைகளை ஏற்ற பெண்களின் அசைவுகளை லாபன் ஆராய்ந்தார். தசை வலுவை மட்டும் நம்பாது, உடலின் நிறையையும் வீச்சையும் பயன்படுத்திப் பாரத்தைத் தூக்குதல் எவ்வாறு எனப் பயிற்றினார். 1947இல் இருவரும் சேர்ந்து ‘முயற்சி’ என்னும் நூலை வெளியிட்டனர். ரெய்லரின் கடிகாரம் அளக்காத களைப்பையும் ஓய்வின் தேவையையும் இவ்வாய்வு கருத்திற் கொண்டது என்பது உண்மையே. எனினும், உழைப்பின் அசைவிலிருந்து எடுக்கப்பட்ட சொற்கள், ஆடல்வழியாகச் சுற்றி, உற்பத்தியைக் கூட்டுதற்காக மீண்டும் உழைப்பாளரிடமே சென்றன என்பதும் உண்மையாகும்.

4. ஆடலளவியலும் அதன் எல்லையும்

லாபனின் மாணவியும் 1936இல் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தவருமான இர்ம்கார்ட் பார்ட்டெனிவ், 1960களில் நாட்டாரிசை ஆய்வாளர் அலன் லோமக்ஸ், ஆடலறிஞர் பொறெஸ்ரின் போலே ஆகியோருடன் இணைந்து, முயற்சிக் கோட்பாட்டை உலகப் பண்பாடுகளின் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தினார். இம்முயற்சியே ஆடலளவியல் எனப்படுவது. பல நாடுகளிலும் எடுக்கப்பட்ட திரைப்படங்களைப் பார்த்து, உடல் எத்தனை பகுதிகளாக அசைகின்றது, அசைவு நேர்கோட்டிற் செல்கின்றதா வளைகின்றதா என்றாற்போலப் பல கூறுகளுக்குப் புள்ளியிட்டனர். அப்புள்ளிகளை அவ்வச் சமூகங்களின் உற்பத்தி முறை முதலியவற்றோடு பொருத்தினர். மக்களின் அன்றாட வேலையில் அடிக்கடி நிகழும் அசைவுப் பாங்கினையே அவர்தம் ஆடல் செறிவாக்கி உறுதிப்படுத்துகின்றது என்பது அவர்கள் கண்ட முடிபாகும். இதன் முதல் விளைவுகள் 1968இல் ‘நாட்டார் பாடற்பாணியும் பண்பாடும்’ என்னும் நூலில் இடம்பெற்றன.

கலையைச் சமூக அடித்தளத்தோடு இணைத்து நோக்கும் முற்போக்கு வாசகர்க்கு இம்முடிபு உடனடியாகவே உவப்பளிக்கும். அதனாலேயே இங்கு நிதானம் வேண்டும். ஒரு சமூகத்தின் சில நிமிடப் படத்துண்டுகள் அச்சமூகம் முழுவதற்கும் சான்றாகா. ஒரே ஊரில் ஆணும் பெண்ணும், நிலமுடையோரும் இல்லாதோரும், வெவ்வேறு சாதியினரும் வெவ்வேறாக உழைக்கின்றனர், வெவ்வேறாக ஆடுகின்றனர், சிலர் ஆட அனுமதிக்கப்படுவதுமில்லை. ‘ஒரு பண்பாடு, ஓர் அசைவுப் பாணி’ என்னும் கணக்கில் இம்முரண்பாடுகள் யாவும் மறைந்துவிடுகின்றன. விதைக்கும் கையின் வீச்சை ஆடலிற் கண்டுவிட்டு, ஆடல் உழைப்பிலிருந்து வந்தது எனக் கூறிவிடுவது விளக்கமாகாது. எவ்வழியால் வந்தது, வரும்போது எவ்வாறு உருமாறியது, யார் அதனை மாற்றினர் என்பன கூறப்படல் வேண்டும். அவ்வாறு கூறாதவிடத்து அது பொருள்முதல்வாதத்தின் தோற்றங்கொண்ட இயந்திரப் பார்வையாகவே எஞ்சும்.

5. ஆடுவோரின் அறிவு

மூன்றாவது வினாவை, அதாவது பொருளை யாரிடமிருந்து அறிவது என்பதை, முதன்மைப்படுத்தியவர்கள் மானிடவியலாளரே. அமெரிக்க ஆய்வாளர் ஜோஆன் கியாலியினோஹோமொகு, 1970ஆம் ஆண்டளவில் வெளியிட்ட கட்டுரையில், பலே ஆடலும் ஓர் இனமரபு ஆடலே என வாதிட்டார். அரங்கின் முகப்பு, திரை, கைதட்டல், காதற்கதை, பெண்ணைத் தூக்கி ஆடும் முறை ஆகியவற்றை மேலைநாட்டுப் பண்பாட்டின் வழக்கங்களாக அவர் நோக்கினார். பலேயைப் பொதுக்கலை என்றும், பிறர் ஆடல்களை இனமரபு ஆடல்கள் என்றும் வைத்த பாகுபாட்டை அக்கட்டுரை தலைகீழாக்கிற்று.

இக்காலத்தே அட்ரியன் கெப்ளர் தொங்காத் தீவுகளின் ஆடலை மொழியியலின் துணையோடு ஆராய்ந்தார். அவ்வாய்வின் முறையியல் 1972இல் வெளிவந்தது. மொழியில் ஒலியன் எவ்வாறு பொருள் வேறுபாட்டுக்கு உதவும் மிகச் சிறிய அலகாகுமோ, அவ்வாறே ஆடலிலும் ‘அசைவன்’ உண்டு என்பது அவரது நிலைப்பாடு. எவை வெவ்வேறு அசைவன்கள் என்பதை அயலார் கண்ணாற் பார்த்துத் தீர்மானித்தலாகாது. இரு அசைவுகளை ஆடிக்காட்டி, அவை வேறானவையா, ஒன்றின் இரு சாயல்களா என அம்மரபினரிடமே வினவவேண்டும். ட்ரிட் வில்லியம்ஸ் இதனை மேலும் கொண்டு சென்று, உடலின் வெறும் இயக்கமும் மனிதச் செயலும் ஒன்றல்ல என வலியுறுத்தினார். உயர்த்திய கை வணக்கமாகலாம், எச்சரிக்கையாகலாம், சரணாகலாம். தசையை அளப்பதால் அதனை அறிய முடியாது.

இவ்வணுகுமுறைக்கும் குறையுண்டு. மரபினர் யாவரும் ஒரே குரலிற் பேசுவதில்லை; ஆசானின் விடை மட்டுமே பண்பாட்டின் விடையாகிவிடலாம். அமைப்பை மட்டும் நோக்கும்போது வரலாறு நழுவிவிடவும் கூடும். எனினும், ஆராயப்படுவோரை அறிவுடையோராக ஏற்கும் அடிப்படை இதிலேயே உறுதியாக உள்ளது.

6. கூத்தும் அளவுகோலும்

மேற்கூறியவற்றை மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் முன் வைத்து நோக்குவோம். ‘கூத்தில் அபிநயம் குறைவு, ஆட்டம் ஒரேமாதிரியானது’ என்னும் கருத்து கற்றோரிடையே நெடுங்காலம் நிலவிற்று. கையையும் முகத்தையும் அளக்கும் கோலைக் கொண்டு நோக்கியதன் விளைவே அது. வில்லும் வாளும் ஏந்திய கை முத்திரை காட்டுவதற்கு ஓய்வுடையதன்று. இரவு வெளிச்சத்தில், வட்டக்களரியைச் சூழ அமர்ந்த மக்களின் தொலைவுக்கு விழியசைவு எட்டுவதுமன்று. அவ்வாட்டத்தின் நுணுக்கம் காலிலும், களரியிற் செல்லும் வழியிலும், மத்தளத்தோடு கொள்ளும் உறவிலும் உள்ளது. வீசாணம், எட்டு, நாலடி, குத்துமிதி என அண்ணாவிமார் வழங்கும் ஆட்டப் பெயர்களே இதற்குச் சான்றாகும். இப்பெயர்கள் ஒரு பகுப்பாய்வு முறையின் கலைச்சொற்கள் என்பதை நாம் ஏற்றல் வேண்டும். கெப்ளரின் வழியில், இவற்றுள் எவ்வேறுபாடு பாத்திரத்தை மாற்றுகின்றது, எவ்வேறுபாடு ஊருக்கு ஊர் வேறுபடும் சாயல் மட்டுமே என அண்ணாவிமாரிடமும் ஆடுவோரிடமும் வினவுதலே முதற்படியாகும்.

லாபனின் கோட்பாடு அடுத்த படியில் உதவும். பாரமான கரப்புடுப்பும் முடியும் அணிந்து ஆடும் அரசனின் உடல் நிறையோடு கொள்ளும் உறவு, அவை நீங்கியவிடத்து மாறாதிருக்க முடியாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையிற் பேராதனையில் நிகழ்ந்த கூத்து மீட்பு முயற்சிகளும், 1960களில் அங்கு அரங்கேறிய கர்ணன் போர், இராவணேசன் முதலிய ஆக்கங்களும், விடியும்வரை நிகழ்ந்த ஆற்றுகையைச் சில மணிநேரத்துட் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு ஏற்றின. அம்முயற்சியாற் கூத்து பல்கலைக்கழகத்திலும் நகரத்திலும் பெற்ற மதிப்பு பெரிது. ஆயினும், நாற்புறமும் நோக்குவோர்க்கு ஆடப்பட்ட வட்டம் ஒருபுறம் நோக்குவோர்க்கு ஆடப்படும்போது, உடல் திரும்பும் கோணம், சுழற்சியின் நோக்கம், களைப்பைப் பங்கிட்டு இரவெல்லாம் ஆடும் முயற்சியின் ஓட்டம் ஆகிய யாவும் மாறுகின்றன. பெற்றது எது, இழந்தது எது என்பதை ‘மரபு கெட்டது’ என்றோ ‘செம்மையுற்றது’ என்றோ பொதுப்படப் பேசுவதினும், இவ்வாறு கூறு கூறாகப் பதிந்து பேசுதல் பயனுடையது.

உழைப்போடு உள்ள உறவும் ஆராயப்படவேண்டியதே. கூத்தாடியோர் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். ஆயின் வயலின் அசைவு களரியில் அப்படியே தோன்றும் என எதிர்பார்த்தலாகாது. நாளெல்லாம் உழைத்த உடல் இரவிலே அரசனாக நிமிரும்போது, அங்கு உழைப்பின் மறுப்பும் ஒரு பொருளாக அமையலாம். யார் அரசனாக ஆடலாம், யார் மத்தளம் அடிப்பது, யார் எங்கு அமர்ந்து பார்ப்பது என்பவற்றைச் சாதியும் உடைமையும் வரையறுத்த ஊர்களில், அசைவின் பொருள் அவ்வரையறையையும் உள்ளடக்கியதாகும்.

முடிவாக

மூன்று தசாப்தப் போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கிழக்கிலங்கையின் பல ஊர்களைச் சிதைத்தன. இடம்பெயர்ந்த ஊரின் ஆட்டம், அதனை ஆடியோரின் உடலன்றி வேறெங்கும் எழுதப்படாதது. இன்று கைத்தொலைபேசியே படம்பிடிக்கும் கருவியாகிவிட்டது. மூட்டுக்களிற் குறிகளைப் பொருத்திக் கணினியில் அசைவைப் பதியவும் முடிகின்றது. கில்பிரெத் பொருத்திய மின்விளக்கின் வழித்தோன்றல்களே இவை. இதே வகைக் கருவிகள் பண்டகசாலைகளிலே தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கவும் பயன்படுகின்றன. பதிவு பெருகுவதால் மட்டும் விளக்கம் பெருகிவிடாது. பதிவு யாரிடம் இருக்கின்றது, யாருக்குப் பயன்படுகின்றது என்னும் வினாவும் அதனோடு எழுகின்றது.

எனவே, கூத்தாட்ட ஆய்வு மூன்று பணிகளை ஒருங்கே மேற்கொள்ளல் வேண்டும் என்பது எமது கருத்தாகும். முதலாவது, அண்ணாவிமாரின் கலைச்சொற்களை ஊர்தோறும் தொகுத்து, அவற்றையே பகுப்பின் தொடக்கமாகக் கொள்ளுதல். இரண்டாவது, லாபனின் எழுத்தும் முயற்சிக் கூறுகளும் போன்ற பொதுக் கருவிகளை விவரிப்பதற்கு மட்டும் பயன்படுத்தி, தரம் பிரிப்பதற்குப் பயன்படுத்தாது விடுதல். மூன்றாவது, ஒவ்வோர் அசைவும் நிகழும் சமூக உறவுகளை, அவற்றின் முரண்பாடுகளோடு சேர்த்தே பதிதல். இவற்றுள் ஒன்றை விடுத்து மற்றதைச் செய்யின், முன்னோர் முத்திரையின் அளவுகோலால் கூத்துக்கு இழைத்த அநீதியை நாம் புதிய அளவுகோலால் மீண்டும் இழைத்தவராவோம். பணியின் பெரும்பகுதி நூலகத்தில் இல்லை, களரியில் இருக்கின்றது. மூத்த அண்ணாவிமார் ஆடிக்காட்டவும் விளக்கிக் கூறவும் வல்லவராக இருக்கும்போதே பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அங்குச் செல்லல் வேண்டும்.